நத்தைக்குச் சொந்தமில்லாத தாளம்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில், கல்யாணப் படத்துக்கும் நாட்காட்டிக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு நீளக் காகிதம் தொங்குகிறது. அதில் இருப்பது ஒரு கோடு மட்டும்தான். சிறு சிறு அலைகளாக ஏறி இறங்கிப் போகும் கோடு. இடையிடையே ஒரு முள் உயர்ந்து நிற்கும். உக்குவளையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அரை டொக்டர்கள். பார்த்தவுடன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஹார்ட்டுல ஏதும் கோளாறா?" என்பார்கள். பக்கத்து வீட்டு மிளகு வியாபாரி, நாங்கள் நானா என்று அழைக்கும் மனிதர், வருகிற போதெல்லாம் அதன் முன்னால் நின்று, "தம்பி, இது யாரோட ஹார்ட்டு?" என்று கேட்பார். நானும் சளைக்காமல், "நத்தையோடது நானா" என்பேன். அவர் சிரித்துவிட்டு உட்காருவார். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அந்த அரைப் பொய்யை ஏழு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் காகிதத்தைத் தந்த மிஸ்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்த பிறகு, அரைப் பொய்யோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

நான் வேலை செய்தது மாத்தளை நகருக்கு வெளியே, பயிரைத் தின்னும் பூச்சிகளையும் நத்தைகளையும் ஆராயும் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில். பதவிப் பெயர் நீளமானது. வேலை என்னவோ, போத்தல் கழுவுவதிலிருந்து நுணுக்குக்காட்டியில் பூச்சியின் காலைப் பார்ப்பது வரை எல்லாம்தான். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வேலை செய்வதில் எனக்கு இருந்த பெருமையை மறைத்துப் பேசப் போவதில்லை. அதிலும் என் கையைப் பற்றி எனக்கு ஒரு தலைக்கனமே இருந்தது. கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி இழுத்து, தலைமயிரைவிட மெல்லிய ஊசியாக்குவேன். பூச்சிகளுக்கு மருந்து ஏற்ற அது தேவைப்படும். எங்கள் பெரிய ஐயா, ஆய்வுகூடத்துத் தலைவர், ஒரு சிங்களவர், விருந்தாளிகள் வந்தால் என்னைக் கூப்பிட்டு ஓர் ஊசி இழுத்துக் காட்டச் சொல்வார்.

மிஸ் வந்தது ஒரு மழைக்காலத்தில். பூர்வீகம் யாழ்ப்பாணம். அப்பாவுக்கு மாத்தளைக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை என்பதால் இங்கேயே வளர்ந்தவர்தான், ஆனாலும் வீட்டுப் பேச்சை விட்டுக்கொடுக்கவில்லை. முப்பது வயது இருக்கும். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வருட அனுமதியோடு எங்கள் பின்னறையைக் கேட்டு வந்தார். காரணம் நத்தை. தோட்டங்களை நாசமாக்கும் அந்தப் பெரிய ஆபிரிக்க நத்தைக்கு மூளை என்பது தொண்டையைச் சுற்றிய ஒரு வளையம். அதிலுள்ள நரம்புக்கலங்களில், அதாவது நரம்பு செல்களில், சில நுணுக்குக்காட்டியில் மஞ்சள் மணிகளாகத் தெரியும் அளவுக்குப் பெரியவை. ஆகவே ஒன்றே ஒன்றைத் தெரிந்தெடுத்து அதற்குள் ஊசி ஏற்றலாம். பல்லேபொலையில் நானாவுக்கு ஒரு மிளகுத் தோட்டம் இருந்தது. மழை விட்ட விடியற்காலையில் போனால் வாளி நிறைய அள்ளி வரலாம். உப்புத் தூவித் தூவி அலுத்துப்போயிருந்த நானாவுக்கு எங்களைக் கண்டதில் ஏகக் கொண்டாட்டம். "எல்லாத்தையும் அள்ளிட்டுப் போங்க மகள், ஒண்ணையும் திருப்பி மட்டும் கொண்டு வந்துராதீங்க" என்று மிஸ்ஸிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

முதல் நாளே மிஸ் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தன் வேலையை விளக்கினார். ஒரு நரம்புக்கலத்துக்கு ஊசி வழியாகச் சிறிது மின்சாரம் கொடுத்தால் அது ஒரு துடிப்புத் துடிக்கும். ஒலிபெருக்கியில் 'டப்' என்று கேட்கும். ஆனால் அதே அளவு மின்சாரத்தை மறுபடி கொடுத்தால் அதே நேரத்தில் துடிக்காது. கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும், சில தடவை பேசாமலே இருந்துவிடும். ஏனென்றால் கலத்துக்கு உள்ளேயே ஓயாத ஒரு சலசலப்பு உண்டு. அதை இரைச்சல் என்பார் மிஸ். "பள்ளிக்கூடம் போற பிள்ளையை எழுப்பிறது மாதிரித்தான் அண்ணை. அதே அம்மா, அதே குரல். ஆனா ஒரு நாள் முதல் சத்தத்திலேயே எழும்பும், ஒரு நாள் மூண்டு தரம் கூப்பிட்டாலும் எழும்பாது. நாங்கள் பிள்ளையை மாத்தேலாது. கூப்பிடுற விதத்தை யோசிச்சு அமைக்கலாம்." ஒரு காகிதத்தில் பத்துக் கோடுகள் கிழித்து, இந்தப் பத்து நேரத்தில்தான் இது துடிக்க வேண்டும், அதற்கு எப்போது எவ்வளவு மின்சாரம் என்று கணக்குப் போட்டு அமைப்பதுதான் தன் வேலை என்றார். இதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டேன். "கை நடுங்கிற ஆக்களுக்கு, வலிப்பு வாற பிள்ளையளுக்கு. அவையின்ர மூளையில கனக்கக் கலங்கள் பிழையான நேரத்தில ஒண்டாத் துடிக்குது. எப்பவோ ஒரு நாள் உதவும்" என்றார். நான் என் வலக் கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டேன்.

என் கை அப்போது நடுங்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. பெரிதாக இல்லை. பிளேன்டீக் கோப்பையை நீட்டிப் பிடித்தால் மேலே சுழியும். கையெழுத்துப் போடும்போது கடைசி எழுத்து கோணும். அரைக் கோப்பை போதும் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சர்க்கரைக்குப் பயம் என்று மனைவியிடம் ஒரு காரணமும் சொல்லி வைத்திருந்தேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள். எங்கள் தோட்டத்தில் கை நடுங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: குடிகாரன். என் அப்பா தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடிப்பதில் பேர் எடுத்தவர். கை நடுங்கத் தொடங்கியதும் கத்தியை வாங்கிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தைக் கூட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். அவர் குடித்ததும் உண்மைதான். காலையில் ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டுதான் லயத்தை விட்டு இறங்குவார். என் கூட்டாளிகள் முன்னால் கங்காணி அவரைப் போல் கையை ஆட்டிக் காட்டிச் சிரித்த நாளில், அப்பாவின் மேல் எனக்கு வந்த கோபம் அவர் சாகும்வரை தீரவில்லை. நான் சாராயத்தை நாக்கில் வைத்ததில்லை. அப்படியிருந்தும் அப்பாவின் கை என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. தெரிந்தால் ஆய்வுகூடம் என்னை ஊசியிலிருந்து எடுத்துச் சாமான் அறைக்கு அனுப்பிவிடும் என்று பயந்தேன்.

இதில் எங்கள் பழைய கருவியின் கதையையும் சொல்ல வேண்டும். ஊசியைத் தாங்கி மெல்ல மெல்லக் கீழே இறக்குவதற்கு ஒரு திருகு உண்டு. தேய்ந்துபோன திருகு. கையை எடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் தானாக வழுகி, ஊசி கலத்தை விட்டு வெளியே வந்துவிடும். புதிதுக்கு எழுதிப் போட்டால் வருவதற்குள் மிஸ்ஸின் வருடமே முடிந்துவிடும். அதனால் நாங்கள் எங்கள் பாணியில் ஒரு வழி செய்தோம்: மிஸ் கணினியில் இருப்பார், நான் திருகின் மேல் ஒரு விரலை வைத்தபடி நிற்பேன். சில நாள் அரை மணித்தியாலம் அசையாமல் நின்றிருக்கிறேன். "கையை எடுத்துப் போடாதேங்கோ அண்ணை" என்பார் மிஸ், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே. என் விரல் இல்லாமல் இந்த ஆராய்ச்சியே இல்லை என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப்போவேன்.

ஐந்தாம் ஆறாம் மாதத்தில் மிஸ் ஒன்றைக் கவனித்தார். கலத்தின் இரைச்சலுக்குள் ஒரு தாளம் இருந்தது. விநாடிக்கு ஆறு தடவை, சின்ன அலை. "உண்மையான இரைச்சலுக்குத் தாளம் இருக்காது அண்ணை. இது எங்கையிருந்தோ வருது." முதலில் மின்விசிறியை நிறுத்தினோம். பிறகு குளிர்சாதனப் பெட்டி. பிறகு குழல் விளக்கு. மேசைக் காலடியில் பழைய டயர்த் துண்டுகளை வைத்தோம். அலை போகவில்லை. கடைசியில் மிஸ் தெரு முனையில் இருந்த மிளகாய் அரைக்கும் மில்லுக்கே போய், பத்து நிமிடம் இயந்திரத்தை நிறுத்தும்படி சிங்களத்தில் கெஞ்சினார். நானும் கூடப் போனேன். வரிசையில் நின்ற பெண்கள் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். மில் நின்றது; ஓடி வந்து ஊசியை இறக்கிப் பார்த்தோம், அலை நிற்கவில்லை. அதற்கு அடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ, மூக்கு அரித்தது என்று இரண்டு விநாடி விரலை எடுத்தேன். திரையில் அலை அடங்கியது. விரலை வைத்தேன், வந்தது. மிஸ் அப்போது குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் சொல்லாமல் விரலைத் திருகிலேயே வைத்துக்கொண்டேன். மூன்று கிழமை அப்படியே நின்றேன்.

மிஸ் மட்டும் தேடுவதை நிறுத்திவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் நானும் சாகும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டேனோ என்னவோ. அவர் சந்தோஷப்பட்டதுதான் என்னை மாட்டிவிட்டது. ஒரு காலை மஸ்கட் இனிப்புப் பெட்டியோடு வந்தார். வெளியிலிருந்து வருகிற எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தாயிற்று. ஆகவே அந்தத் தாளம் கலத்துக்கே சொந்தமானது, இதுவரை யாரும் சொல்லாத ஒன்று என்று முடிவு செய்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் தன் பேராசிரியருக்கு அன்று மத்தியானம் எழுதப் போவதாகச் சொன்னார். அவர் கண்கள் மினுங்கின. பெட்டியைத் திறந்து, "முதல் துண்டு உங்களுக்குத்தான் அண்ணை" என்று நீட்டினார்.

நான் எடுக்கவில்லை. "மிஸ், ஒரு தடவை மெஷினப் போடுங்க" என்றேன். ஊசியை இறக்கி, கலம் பிடிபட்டு, ஒலிபெருக்கி 'டப் டப்' என்றதும் விரலைத் திருகில் வைத்தேன். "பாருங்க மிஸ்." திரையில் அலை. எடுத்தேன். அலை இல்லை, வெறும் சலசலப்பு. வைத்தேன், எடுத்தேன். மூன்றாம் தடவை எடுத்தபோது திருகு வழுகி ஊசி வெளியே வந்தது, ஒலிபெருக்கி ஊமையானது. கையை அவருக்கு முன்னால் நீட்டிக் காட்டினேன். மறைக்காமல் நீட்டியதாலோ என்னவோ, அன்றைக்கு அது என்றுமில்லாத ஆட்டம் ஆடியது. "அது நத்தையோடது இல்ல மிஸ். என்னோடது."

மிஸ் நல்லவர் என்பதால் கோபப்படவில்லை என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. மஸ்கட் பெட்டியை மூடினார். "எத்தினை நாளாத் தெரியும்?" என்று கேட்டார். மூன்று கிழமை என்றேன். "நான் மில்லில போய்க் கெஞ்சினன் அண்ணை. நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்." மில்லுக்குப் போன அன்று எனக்கே தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் முழுவதும் தெரியாமலா நின்றேன்? உள்மனதில் ஒரு சந்தேகம் அப்போதே இருந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் போத்தல்களைக் கழுவினேன், கழுவிய போத்தல்களையே மறுபடி கழுவினேன். இரண்டாம் நாள் பெரிய ஐயாவிடம் போய்க் கையைக் காட்டினேன். அவர் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, மிஸ் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

மூன்றாம் நாள் மிஸ் ஒரு சைக்கிள் டியூப் துண்டோடு வந்தார். கத்தரிக்கோலால் அதை மெல்லிய வளையமாக வெட்டி, திருகின் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினார். விரலை எடுத்தோம். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், கால் மணித்தியாலம் போயும் திருகு வழுகவில்லை. நான்கு ரூபாய் பெறாத ரப்பர். இத்தனை மாதமும் படித்தவர், பழகியவர் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றாமல் போனதற்கு என் விரலின் தலைக்கனம்தான் காரணம். மிஸ் சிரித்துவிட்டார். பிறகு பெரிய ஐயாவிடம், "ஊசியை இறக்கிறதுக்கு இவரின்ர கை தேவை. பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுக்குத்தான் தேவையில்லை" என்பதைச் சிங்களத்தில் சொன்னார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் ஊசி இறக்கும் அந்தச் சில விநாடிக்கு என் கை இன்னும் சொன்னபடி கேட்டது. சாமான் அறைக்கு யாரும் என்னை அனுப்பவில்லை.

மிச்சமிருந்த மாதங்களில் நாங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். நானாவின் தோட்டத்துக்கு மறுபடி வாளிகளோடு போனோம். மிஸ் கணக்கை மாற்றி அமைத்தார். எடுத்தவுடன் மின்சாரத்தால் தள்ளாமல், முதலில் கலத்தைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிப்பது. அதன் சலசலப்பு ஒரு நிலைக்கு வரும். பிறகு குறித்த நேரத்துக்குச் சற்று முன்னால் ஒரே தள்ளு. அதோடு ஒவ்வொரு தடவையும் அது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த தள்ளலைத் தீர்மானிப்பது. பத்துக் கோட்டில் நான்கைத் தொடவே திண்டாடிய கலம், ஒரு வியாழக்கிழமை எட்டைத் தொட்டது. ஒலிபெருக்கியில் 'டப்' வருவதும் காகிதத்துக் கோடும் ஒன்றாக விழ விழ, மிஸ் ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணினார். ஏழாவதில் நானும் சேர்ந்துகொண்டேன். இரைச்சல் அப்படியேதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டே குறித்த நேரத்துக்குத் துடிக்க முடியும் என்பதை அன்றைக்குக் கண்ணால் கண்டேன்.

மிஸ் விடாப்பிடியாக என்னைக் கண்டியில் ஒரு நரம்பு வைத்தியரிடம் கூட்டிப் போனார். வைத்தியர் என்னைச் சுருள் வரையச் சொன்னார், தண்ணீர் ஊற்றச் சொன்னார், குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். அவர் குடிப்பவர் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். "கொஞ்சம் குடித்தால் நடுக்கம் குறையுமா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. சில பரம்பரை நடுக்கங்களுக்கு அப்படி ஒரு குணம் உண்டு, சாராயம் உள்ளே போனால் கொஞ்ச நேரம் கை நிற்கும் என்றார். காலையில் ஒரு மடக்கு. அதன் பிறகு கவ்வாத்துக் கத்தி. என் அப்பா குடித்ததால் கை நடுங்கவில்லை; கை நடுங்கியதால் குடித்திருக்கிறார். வேலைக்காகக் குடித்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து, பக்கத்தில் மிஸ் இருக்கிறார் என்றும் பாராமல் அழுதேன். மிஸ் எழுந்து போனார். கன்டீனிலிருந்து பிளேன்டீ வாங்கி வந்தார், அரைக் கோப்பை மட்டும் ஊற்றி.

வைத்தியர் தந்த மாத்திரையில் நடுக்கம் பாதிக்கு மேல் குறைந்தது. மிஸ் தன் வருடம் முடிந்து வெளிநாடு போகும்போது, என் விரல் திருகில் இருந்த நாட்களின் பதிவுகளை வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். அதில் ஒரு துண்டை அச்செடுத்து எனக்கும் தந்தார். யாருக்கும் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் அதைச் சட்டம் போட்டு மாட்டினேன்.

போன மாதம் மிஸ் தொலைபேசியில் வீடியோவில் அழைத்தார். தலையில் நாலைந்து நரை. பின்னால் பெரிய ஆய்வுகூடம், பல நிறத்துப் பிள்ளைகள். மணிக்கட்டில் கட்டும் பட்டி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்களாம். நரம்புக்கு நேரம் பார்த்துச் சின்னத் தள்ளல் கொடுத்து நடுக்கத்தை அடக்கிப் பார்க்கிறார்களாம். இன்னும் சில வருடம் போகும் என்றார், பொய் நம்பிக்கை தராமல். பிறகு சொன்னார்: "அண்ணை, உங்கட பதிவை நான் இன்னும் வைச்சிருக்கிறன். புதுசா வாற பிள்ளையள் ஆர் என்ன கணக்குப் போட்டாலும், கடைசியில அதுக்குள்ள உங்கட நடுக்கத்தைச் சேர்த்து ஓட விடுவன். அப்பவும் கலம் நேரத்துக்குத் துடிச்சா மட்டும்தான் நான் ஒத்துக்கொள்ளுவன். உங்கட கையைத் தாண்டினால்தான் பாஸ்." எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. அடுத்த நாள் ஒரு படம் அனுப்பினார். என் அலை, விநாடிக்கு அதே ஆறு துடிப்புத் தாளம். அதன் மேலேறி நிற்கும் முட்கள், பத்துக் கோட்டுக்கும் பத்து.

டவுனில் அச்செடுத்து, அதற்கும் சட்டம் போட்டு, நேற்றுக் காலை பழையதற்குக் கீழே மாட்டுவதற்காகச் சுத்தியலும் ஆணியுமாக நின்றேன். நானா வந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழக்கம்போல், "இது யாரோட ஹார்ட்டு தம்பி?" என்றார். வாய் தன்பாட்டுக்கு நத்தை என்று சொல்லத் தொடங்கியது. நிறுத்திக்கொண்டேன். "ஹார்ட்டு இல்ல நானா. என் கை. நடுங்குது, ரொம்ப வருஷமா. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு" என்று சொல்லி, சுத்தியலை மாற்றிப் பிடித்து வலக் கையை நீட்டிக் காட்டினேன். உள்ளே சமையலறையில் மனைவி பாத்திரம் உருட்டுவதை நிறுத்தினாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்பது அந்த அமைதியிலேயே எனக்குப் புரிந்தது. நானா என் கையையும் காகிதத்தையும் பார்த்தார். சிரிக்கவில்லை. "அப்ப ஆணிய நான் புடிக்கிறேன், நீங்க அடிங்க" என்று, இரண்டு விரலால் ஆணியைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொண்டார். முழங்கையை விலாவோடு அமுக்கினேன். கை ஒரு நிலைக்கு வரும்வரை பொறுத்தேன். பிறகு ஒரே அடி. ஆணி பாதி உள்ளே போயிருந்தது. நானா தன் இரண்டு விரலையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு போடுங்க" என்றார்.